பால்வாடியில் பாடம் எத்தனை மணிக்கு? அரசு முன்பருவக் கல்வி: ஓர் எளிய விளக்கம்

மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஏப்ரல், மே வந்தால் ஒரே கேள்விதான். "எங்கே சேர்க்கப் போறீங்க?" பதில் பெரும்பாலும் ஏதாவது ஒரு மெட்ரிக் பள்ளியின் பெயராக இருக்கும். பீஸ் எவ்வளவு, வேன் வீட்டு வாசலுக்கு வருமா, எல்கேஜியிலேயே கம்ப்யூட்டர் உண்டா என்று விசாரணை நீளும். தெருமுனையில், சுவரில் யானையும் கிளியும் வரைந்த ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறதே, அதன் பேச்சே வராது. அது பால்வாடி. சோறு போடும் இடம், சத்துமாவு வாங்கும் இடம், தடுப்பூசி முகாம் நடக்கும் இடம். படிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று பலருக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் அரசுக் கணக்கில் அதுதான் நம் ஊரின் முன்பருவப் பள்ளி. அங்கன்வாடி என்று பெயர்ப் பலகையில் எழுதியிருந்தாலும் ஊர் வாயில் இன்னும் பால்வாடிதான். தமிழ்நாட்டில் இப்படி 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஆகவே "எல்லாக் குழந்தைக்கும் அரசு முன்பருவக் கல்வி" என்பது இங்கே வெறும் நிலத்தில் புதிதாகக் கட்டடம் எழுப்பும் விஷயம் அல்ல. கட்டடம் பெரும்பாலும் இருக்கிறது, பிள்ளைகளும் வருகிறார்கள். அந்தக் காலை நேரத்தில் யார், என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

முன்பருவக் கல்வி என்றால் என்ன

மூன்று வயது முடிந்ததிலிருந்து ஒன்றாம் வகுப்பு சேரும்வரை குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சிதான் முன்பருவக் கல்வி. தமிழ்நாட்டில் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. எனவே இங்கே அது இரண்டு ஆண்டுப் பருவம். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயதைச் சொல்வதால், அதன் கணக்கில் மூன்று ஆண்டு.

இந்த வயதில் கற்பது என்றால் நான்கு கோடு நோட்டில் ஏ, பி, சி எழுதுவது என்று நினைத்துவிடுகிறோம். மூன்று வயதுக் குழந்தையின் விரல் தசைகள் பென்சிலை அழுத்திப் பிடித்து, கோட்டுக்குள் எழுதும் அளவுக்கு இன்னும் இறுகியிருக்காது. களிமண் பிசைவது, பாசிமணி கோர்ப்பது, பழைய செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுவது, மணலில் விரலால் கோடு இழுப்பது எல்லாம் அந்தக் கையை எழுத்துக்குத் தயார்ப்படுத்தும் வேலைகள்.

ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் ஒரு கைப்பிடி சோழியும் கலந்து தரையில் கொட்டி, "இதெல்லாம் ஒரு பக்கம், அதெல்லாம் ஒரு பக்கம் வை" என்று டீச்சர் சொல்வதைப் பாருங்கள். பார்ப்பவருக்கு அது விளையாட்டு. குழந்தை அங்கே இனம் பிரிக்கிறது. "எந்தப் பக்கம் நிறைய இருக்கு?" என்று கேட்டால் ஒப்பிடுகிறது. "ரெண்டு பக்கமும் சமமா ஆக்கு" என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றில் சேர்க்கிறது. கூட்டலும் கழித்தலும் பெயர் சொல்லாமலே அங்கு வந்துவிடுகின்றன. கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "அப்புறம் நரி என்ன பண்ணியிருக்கும்?" என்று கேட்டால் குழந்தை முழு வாக்கியமாகப் பேசப் பழகுகிறது. ஒன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பலருக்கு எழுத்து தெரியாதது மட்டும் குறையல்ல. காதில் விழுந்த சொற்களே குறைவு.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. நான், என் குடும்பம், விலங்குகள், காய்கறிகள் என்று மாதத்துக்கு ஒரு கருப்பொருளை வைத்து, பாட்டும் கதையும் செய்கையுமாக அமைத்திருக்கிறார்கள். தாளில் நல்ல திட்டம்தான். அதை நடத்த ஆளும் நேரமும் வேண்டும்.

சோறு முந்திக்கொண்ட கதை

1970களின் தொடக்கத்தில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி ஆராய மத்திய அரசு மினா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. 1972இல் அந்தக் குழு தந்த அறிக்கை, குழந்தையின் உணவு, உடல்நலம், கல்வி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஐசிடிஎஸ் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான்.

திட்டத்தில் ஆறு சேவைகள்: இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கு ஊட்டச்சத்துக் கல்வி, பிறகு முன்பருவக் கல்வி. ஆறில் ஒன்றுதான் படிப்பு.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு பரிமாணமும் சேர்ந்தது. 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடையைக் குறிவைத்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு, 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. பால்வாடிக்குள் அடுப்பு வந்தது இப்படித்தான். வாரத்துக்கு மூன்று முட்டை, கலவை சாதம், பயறு என்று இன்று வரை அந்த அடுப்பு அணையவில்லை. இந்தியாவில் பல மாநிலங்களால் செய்ய முடியாததைத் தமிழ்நாடு செய்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

ஆனால் சட்டத்திலும் இதே சாய்வு இருப்பதைக் கவனிக்க வேண்டும். 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு உரிமை. கொடுக்காவிட்டால் அரசைக் கேள்வி கேட்கலாம். படிப்பு அப்படியில்லை. அரசியல் சாசனத்தின் 21ஏ பிரிவு தரும் கல்வி உரிமை 6 முதல் 14 வயது வரைதான். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 45ஆம் பிரிவு இருக்கிறது. அது "அரசு முயல வேண்டும்" என்கிறது. 2009இன் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவும், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவச முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு "செய்யலாம்" என்றே பேசுகிறது.

ஆக, சோறு உரிமை, படிப்பு முயற்சி. இந்த வேறுபாடு டெல்லியில் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் முட்டை இருப்பைப் பார்ப்பார், அரிசி மூட்டையைப் பார்ப்பார், எடைப் பதிவேட்டைப் பார்ப்பார். இன்று எந்தக் கதை சொன்னீர்கள் என்று கேட்பவர் அரிது.

ஒரு டீச்சர், ஒரு ஆயாம்மா, பதினெட்டு வேலை

ஒரு அங்கன்வாடியின் காலை எப்படிப் போகிறது? வாசலைப் பெருக்கி, பாயை விரித்து, வரும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அதற்குள் ஒரு அம்மா கைக்குழந்தையோடு சத்துமாவு வாங்க வந்து நிற்பார். பாக்கெட்டை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். போனில் போஷன் டிராக்கர் செயலியைத் திறந்து வருகை, உணவு எல்லாம் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லையென்றால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். உள்ளே ஆயாம்மா அரிசி களைந்துகொண்டிருப்பார். அவர் விடுப்பு என்றால் அடுப்பும் டீச்சர் கையில்தான். இதற்கிடையில் ஒரு பிள்ளைக்குக் கால்சட்டை நனைந்திருக்கும், இன்னொன்று அழும். மாதத்தில் சில நாள் எடை, உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும். தேர்தல் காலம் வந்தால் வாக்காளர் பட்டியல் வேலையும் பல இடங்களில் இவர்கள் தலையில்தான்.

இத்தனைக்கும் இவர்கள் வாங்குவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். மத்திய அரசின் பங்கு பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயாக இருந்து 2018இல் 4,500 ஆனது. மாநில அரசு தன் பங்கைச் சேர்த்துத் தருகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. காலியிடங்கள் வேறு. 2025இல் தமிழ்நாட்டில் 7,783 இடங்களை நிரப்பும் பணி தொடங்கியது. அதற்கு முன் அந்த மையங்களில் பக்கத்து ஊர் டீச்சர் கூடுதல் பொறுப்பாக இரண்டு இடத்தையும் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலையில் கதை எப்போது, புளியங்கொட்டை எப்போது?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு நல்ல விடை தருகிறது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஆள். முழுநேரம்கூட இல்லை, அரைநாள். அவருடைய வேலை முன்பருவக் கல்வி மட்டுமே. அரிசியைத் தொட வேண்டாம், பதிவேட்டைத் தொட வேண்டாம். பெரிய பட்டம் பெற்றவர்களைத் தேடவும் இல்லை. சுருக்கமான பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த மையங்களில் பாடத்துக்குக் கிடைத்த நேரம் இரு மடங்கானது. ஒன்றரை ஆண்டு கழித்துச் சோதித்தபோது மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எனக்கு இதில் சுவையாகப் படுவது அடுத்த தகவல்: அந்த மையங்களில் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. பாடத்துக்கு ஆள் போட்டால் எடை எப்படிக் கூடும்? பழைய டீச்சருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஊட்டச்சத்து, உடல்நல வேலைகளில் கூடுதல் நேரம் செலவிட முடிந்தது. சோறா படிப்பா என்று இரண்டையும் மோத விட வேண்டியதே இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது கடினம்.

எல்கேஜி வந்த கதை

அரசே எல்கேஜி, யூகேஜி நடத்தினால் என்ன என்ற கேள்விக்கு 2019 ஜனவரியில் ஒரு முயற்சி நடந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி வகுப்புகள் தொடங்கின. பெற்றோருக்கு எல்கேஜி என்ற பெயர் பிடித்திருந்தது. பள்ளி வளாகம், பள்ளி மணி, பள்ளி டீச்சர் எல்லாம் பிடித்திருந்தன.

சறுக்கல் ஆசிரியர் விஷயத்தில் வந்தது. தொடக்கப் பள்ளிகளில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை இந்த வகுப்புகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் பயிற்சி பெற்றது ஒன்றாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த. பலர் இதைப் பதவி இறக்கமாக எடுத்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனார்கள். 2022இல் அவர்களைப் பள்ளிகளுக்கே திருப்பி அழைத்தபோது வகுப்புகள் நின்றுவிடும் என்ற நிலை வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்வதாக அரசு அறிவித்தது.

மூன்று வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது சின்ன வேலை என்ற எண்ணம் ஆசிரியர்களிடமும் இருக்கிறது, அரசிடமும் இருக்கிறது. தனிப் பயிற்சி, தனிப் பணியிடம், தனி ஊதிய விகிதம் இல்லாமல் பெயர்ப் பலகையை மட்டும் மாற்றினால் இப்படித்தான் முடியும்.

இன்னொரு வழியாகவும் அரசுப் பணம் எல்கேஜிக்குப் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். நுழைவு வகுப்பு எல்கேஜியாக இருந்தால் ஒதுக்கீடும் அங்கிருந்தே தொடங்கும். கட்டணத்தை அரசு திருப்பித் தரும். அப்படிச் சேரும் ஏழைக் குழந்தைக்கு அது நல்ல வாய்ப்புதான். ஆனால் அருகில் தனியார் பள்ளியே இல்லாத மலைக் கிராமத்துக்கு இந்தப் பிரிவால் என்ன பயன்? அந்தப் பிள்ளைக்கு அங்கன்வாடியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. அரசு பணம் எங்கே அழுத்தமாகப் போக வேண்டும் என்று கேட்டால், என் வரையில் பதில் அங்கேதான்.

நம் ஊரில் என்ன கேட்கலாம்

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். சமவெளியில் 400 முதல் 800 பேர் வசிக்கும் பகுதிக்கு ஓர் அங்கன்வாடி. 150 முதல் 400 பேர் என்றால் குறு மையம். மலைப்பகுதி, பழங்குடியினர் பகுதி என்றால் 300 பேர் இருந்தாலே முழு மையம் உண்டு. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்து, மையம் இல்லாத குடியிருப்பு எதுவாக இருந்தாலும், கிராமமோ நகரத்துக் குடிசைப் பகுதியோ, அந்த மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கேட்டால்தான் கிடைக்கும் என்பது இதன் மறுபக்கம். பலருக்குக் கேட்கலாம் என்பதே தெரியாது.

எனவே கணக்கெடுப்பில் தொடங்குங்கள். தெருவாரியாக ஆறு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை, அதில் மூன்று வயதுக்கு மேல் எத்தனை, அவர்களில் பால்வாடிக்குப் போவது யார், வேனில் போவது யார், வீட்டிலேயே இருப்பது யார் என்று எழுதுங்கள். வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளின் பட்டியல்தான் முக்கியம். பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும்: நடுவில் நெடுஞ்சாலை ஓடும், அல்லது மையம் ஊர்த் தெருவில் இருக்கும், பிள்ளைகள் காலனியில் இருப்பார்கள். அரை கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் ஒன்றுமில்லை. மூன்று வயதுக் கால்களுக்கு அது தூரம். சாதி குறுக்கே நின்றால் இன்னும் தூரம்.

நேரமும் ஒரு தடை. வயல் வேலைக்கும் கம்பெனிக்கும் போகும் தாய் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். மையம் அதற்குப் பிறகுதான் திறக்கும், பிற்பகலில் மூடிவிடும். இடைப்பட்ட நேரத்துக்குப் பாட்டி இருந்தால் பிள்ளை பால்வாடிக்கு வரும், இல்லையென்றால் வராது. நேரத்தை நீட்டிக்க வேண்டுமென்றால் கூடுதல் ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிற டீச்சரின் தலையிலேயே அதையும் கட்டக் கூடாது.

கேட்கும் இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. வாய்ப் பேச்சாக விட்டுவிடாமல், எழுதிக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வைக்க வேண்டும். தீர்மான நகலை வட்டாரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும், மாவட்டத் திட்ட அலுவலருக்கும் அனுப்பி ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் இடிந்து வாடகை அறையில் நடக்கிறதென்றால் தனியாக ஒரு தீர்மானம் போடலாம். மத்திய அரசின் சக்ஷம் அங்கன்வாடித் திட்டம் வகுத்த கணக்கில் ஒரு கட்டடத்துக்கு 12 லட்சம் ரூபாய். அதில் 8 லட்சம் வேலை உறுதித் திட்டத்திலிருந்தும், 2 லட்சம் நிதிக்குழு மானியத்திலிருந்தும், 2 லட்சம் மத்திய மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடமிருந்தும் வரும் என்று வைத்திருந்தார்கள். பணம் பல கைகளிலிருந்து வருவதால் ஊராட்சி விரட்டினால்தான் நகரும்.

தீர்மானம் எழுதும்போது "அங்கன்வாடியை மேம்படுத்த வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் சுவருக்கு வெள்ளையடித்து முடித்துவிடுவார்கள். இப்படி எழுதலாம்: "எங்கள் மையத்தில் 3 முதல் 5 வயது வரை 22 குழந்தைகள் உள்ளனர். காலை 10 முதல் 12 மணி வரை முன்பருவக் கல்விக்கு மட்டும் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் பதிவேடு, செயலி, சமையல் வேலைகளைப் பணியாளருக்குத் தரக் கூடாது. காலியாக உள்ள உதவியாளர் இடத்தை நிரப்ப வேண்டும். பாடத்துக்கென ஒரு பகுதிநேரப் பணியாளரை அனுமதிக்க வேண்டும்." எண்ணிக்கையை மட்டும் உங்கள் ஊர்க் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.